மூன்று அளவுக் குட்டிகள்

ஒரு பொம்மைத் தொகுப்பில் குட்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கூடத்தின் விதி. அதை எழுதியவனே நான்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாதிரி செய்யும் வேலைக்குச் சோதனையில் இருந்த ஒரு பெண், ஆப்பிரிக்கத் தாய் யானை ஒன்றையும் வெவ்வேறு உயரத்தில் மூன்று குட்டிகளையும் செய்து வைத்தார். மாதிரி ஏற்கப்படாவிட்டால் அவர் மறுபடி கோப்பை விளிம்பு தேய்க்கப் போக வேண்டியதுதான்.

"மூணுக்கும் ஒரே அச்சு போதாதாம்மா?" என்றார் மேலாளர்.

"ஒரே பிரசவத்துல மூணு போட அது என்னா ஆடா சார்? ரெண்டு வருஷம் கிட்ட வயித்துல சொமக்குதுங்க. அடுத்த குட்டிக்கு நாலு வருஷம் ஆவும். பெருசு ரெண்டும் ஆத்தாளோடயேதான் சுத்தும். லைப்ரரி புஸ்தகத்துல போட்டிருக்குது."

மேலாளருக்குப் புத்தகம் போதவில்லை, முத்திரை வைத்த கடிதம் வேண்டும். விலங்கியல் பேராசிரியர் ஒருவருக்கு நானே எழுதினேன். மூன்று நினைவூட்டல்களும் அனுப்பினேன். அதுவரை அந்தப் பெண் கோப்பை தேய்த்தார். மதிய இடைவேளைகளில் தாய் யானையின் காது மடிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். என் விதி தோற்க வேண்டுமென்று நான் விரும்பியது அந்த ஒரு முறைதான்.

'அந்தப் பெண் சொல்வது முழுக்கச் சரி, மூன்று அளவுதான் இயல்பு' என்ற பதில் வந்து சேர்ந்தது, போகிப் பண்டிகை அன்று.