மகன் பக்கத்து ஜன்னல் கொக்கி

என் பழைய கேம்பர் லாரியை உங்களுக்குத் தெரியும். பின்னால ரெண்டு படுக்கை, ரெண்டு ஜன்னல். அதுல ஒரு ஜன்னலோட பிளாஸ்டிக் கொக்கி உடைஞ்சு போச்சு.

இன்னிக்கு லான்மடாவ் உதிரிபாகக் கடைத்தெருவுல நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியா கோ பாலு கடை. கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைச் செய்யறதையே நிறுத்திட்டாங்கண்ணே. ரெண்டு படுக்கையிலயும் ஆள் இருக்கா?"

"நான் மட்டும்தான். மகன் பாங்காக் போய் ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப அவர் பக்கத்துக் கொக்கியைக் கழட்டி உங்க பக்கம் மாட்டிக்குங்க. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"உடைஞ்சதே அவன் பக்கம்தான்."

கோ பாலு தனக்கு வந்த டீயை என் பக்கம் நகர்த்தி வச்சார்.

யார்கிட்டயாவது பழைய கொக்கி கிடந்தா சொல்லுங்க. எந்த நிறமா இருந்தாலும் சரி. அவசரமான்னு மட்டும் கேட்காதீங்க.