திருத்தணி: ஒரு முழம் தண்ணீரும் முந்நூற்று அறுபத்தைந்து படிகளும்

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னுடைய ஒரு கிறுக்கு தெரியும். எந்த மலைக்கோயிலைப் பற்றி எழுதினாலும் சாமியைச் சொல்வதற்கு முன்னால் கழிப்பறையைச் சொல்லிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் எத்தனை, அடிவாரத்தில் எத்தனை, பாதி வழியில் உண்டா, தாழ்ப்பாள் விழுமா, தண்ணீர் வருமா, எல்லாம் இருக்கும். "மேடம், நீங்க சுகாதாரத் துறையா?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு நழுவிவிட்டேன். துறையும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. ஆறு வருடமாக எனக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. அப்பாடா, எழுதிவிட்டேன்.

இந்த ஆறு வருடத்தில் நான் எழுதிய மலைகளில் பாதிக்கு ஆட்டோவில்தான் ஏறினேன். அதையும் இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். திருத்தணி நான் பிறந்த பக்கம். சின்ன வயதில் அந்த 365 படிகளில் ஓடி ஏறியவள், ஆறு வருடமாக ஒரு படிகூட மிதிக்கவில்லை. ஒரு ஜோசியரும் சொல்லாத வழியில் இந்தத் தை மாதம் திருத்தணி என்னை மறுபடி கூப்பிட்டது. சாமி தரிசனத்துக்கு இல்லை, ஒரு டெஸ்ட்டுக்கு.

விஷயம் இதுதான். சென்னையில் நான் பார்த்த டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார். சிறுநீர் வரும் வழிக்கு அடியில் ஒரு நாடாவை வைத்துத் தாங்கிப் பிடிப்பார்களாம். அதற்கு முன்னால் யூரோடைனமிக் டெஸ்ட் கட்டாயம். சிறுநீர்ப்பைக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது, எப்போது ஏறுகிறது என்று மெஷின் வைத்து அளப்பது. சென்னையில் அதற்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். திருத்தணி அடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு டாக்டரம்மா மெஷினோடு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். கட்டணம் 4,500 ரூபாய். இன்னொரு வசதி, என் ஆபீஸ்காரர்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள்.

சென்ட்ரலில் காலை ஆறரை மணி வாக்கில் கிளம்பும் எக்ஸ்பிரஸில் போனேன். டிக்கெட் 70 ரூபாய், ஒன்றரை மணி நேரம். லோக்கல் ரயில் 25 ரூபாய்தான், ஆனால் இரண்டு மணி நேரம், கழிப்பறை கிடையாது. ஆறு வருடமாக நான் லோக்கலில் ஏறாததற்கு அது ஒன்றே காரணம். ஸ்டேஷனில் ராணி அக்கா நின்றுகொண்டிருந்தாள். என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள், அம்மையார்குப்பத்தில் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறாள். அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், மகளிருக்கு இலவசம். வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் பாவாவிடம் சும்மா ஸ்கேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாளாம். அக்காவிடமும் நான் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. "இருமினா, தும்மினா கொஞ்சம் போகுது" என்றுதான் சொல்லியிருந்தேன். சென்னை டாக்டரிடம் சொன்னதும் அதே வாசகம்தான்.

ஆட்டோ 80 ரூபாய். மருத்துவமனையில் இருந்து போனில் ஒன்றை இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள்: பை நிறைய வர வேண்டும், வந்ததும் போய்விடக் கூடாது. அதனால் ஸ்டேஷனிலேயே ஒரு லிட்டர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து வைத்திருந்தேன். உள்ளே நுழைந்தேன். வலது பக்கம் 'பெண்கள்' என்று பலகை தெரிந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். வெளியே வந்து கை துடைக்கும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. புது இடத்துக்குப் போனால் முதலில் அங்கே போவது ஆறு வருடப் பழக்கம், கால் மூளையைக் கேட்பதே இல்லை.

டெக்னீஷியன் நிர்மலா, கே.ஜி.கண்டிகைப் பெண், கோபித்துக்கொள்ளவில்லை. "வர்றவங்க எல்லாரும் இதத்தான் பண்றாங்கக்கா. போன்ல ஆங் ஆங்ன்னுவாங்க, வந்ததும் நேரா அங்கதான்" என்று சொல்லி இன்னொரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் போனது. எங்களுக்கு அடுத்து வந்தவர்கள் எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா அந்த நேரத்தில் இரண்டு தடவை எழுந்து போய் வந்தாள். டீ குடிக்காதவளுக்கு என்ன இது என்று நான் யோசிக்கவில்லை. நம் தலைவலி நமக்கு.

முதலில் ஒரு நாற்காலி. நடுவில் புனல், கீழே ஒரு ஜாடி, அது தராசின் மேல். நாம் தனியாக உட்கார்ந்து போக வேண்டியதுதான், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அடுத்த அறையில் கோடு விழுந்துகொண்டே இருக்கும். பிறகு துணைக்கு அக்காவையும் உள்ளே விட்டு, என்னை மேஜையில் படுக்க வைத்து, நூல் மாதிரி மெல்லிய ஒரு குழாயைச் சிறுநீர்ப்பைக்குள்ளும், இன்னொன்றை ஆசனவாய் வழியாகவும் வைத்தார்கள். வலி என்று சொல்ல முடியாது, சங்கடம். வெட்கம் முதல் ஐந்து நிமிடம்தான். நிர்மலா ஒரு ஸ்டாண்டில் இருந்த சின்னப் பெட்டியை என் இடுப்பெலும்பின் மட்டத்துக்கு ஏற்றி இறக்கி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தாள். அந்த மட்டம்தான் சைபர். அங்கிருந்துதான் எல்லாக் கணக்கும் தொடங்கும்.

திரையில் மூன்று கோடுகள் ஓடின. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதல் கோடு பைக்குள் இருக்கும் அழுத்தம். இரண்டாவது வயிற்றின் அழுத்தம், அதற்குத்தான் அந்த இரண்டாவது குழாய். முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது, அதுதான் பை தானாகச் செய்யும் வேலை. அழுத்தத்தைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். ஒரு குழாயில் தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்பதுதான் கணக்காம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நான் சிரித்தால், மூச்சை இழுத்தால், இரண்டு கோடுகள் துள்ளுகின்றன. ஆறு வருடமாக என்னை அழவைத்த ஒன்று கண் முன்னால் கோடாக ஓடுகிறது. நான் பேசுவதற்கு முன்னால் அது பேசுகிறது. 

உப்புநீரை மெல்ல உள்ளே ஏற்றினார்கள். நடுவில் இருமச் சொன்னார். இருமினேன். மேலே இரண்டு கோடுகளும் ஒன்றாகத் துள்ளி விழுந்தன. மூன்றாவது அசையவே இல்லை. ஒரு சொட்டும் போகவில்லை. இன்னும் பலமாக இருமச் சொன்னார். எழுந்து நின்று இருமினேன், குதிகாலைத் தூக்கித் தரையில் தட்டினேன். ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சென்னைக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிர்மலா என் பக்கம் குனிந்தாள்.

"அடக்காதீங்கக்கா. இங்க ஒழுகினாதான் நல்லது. அதப் பாக்கத்தானே இவ்ளோ பெரிய மெஷின வெச்சிகினு உக்காந்துகினு இருக்கோம்."

நான் அடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏனென்றால் இருமினால் எனக்குப் போகாது என்று எனக்குத் தெரியும்.

நிர்மலா போய் மூலையில் இருந்த குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டாவது கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மட்டும் மெல்லத் தலைதூக்கியது. இருமல் இல்லை, சிரிப்பு இல்லை, நான் கை காலை அசைக்கவில்லை. அது பாட்டுக்கு ஏறியது, பத்து, இருபது, நாற்பது, நாற்பத்தைந்து. கோடு உச்சிக்குப் போனபோது காலில் சூடாக இறங்கியது. ஒரு குன்றை வரைந்து முடித்துவிட்டு, கோடு பழையபடி கீழே வந்து படுத்துக்கொண்டது.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்டுல இருமும்போது போகுதா, இப்படிப் போகுதா?"

"இப்படித்தான் டாக்டர். சாவி போட்டுக் கதவைத் திறக்கறதுக்குள்ள."

ஏன் இருமல் என்று சொன்னேன்? இருமினால் போகிறது என்றால் பிள்ளை பெற்ற உடம்பு என்பார்கள், அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. கதவு திறப்பதற்குள் போகிறது என்றால் கைப்பிள்ளை என்பார்கள். அந்த ஒரு வாசகத்தை நம்பித்தான் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். வழி தளர்ந்து ஒழுகுகிறவர்களுக்குத்தான் அந்த நாடா. எனக்கு வழி கெட்டியாகத்தான் இருக்கிறது, பைதான் சொல்பேச்சுக் கேட்காமல் தானாக இறுகுகிறது. இதற்கு அந்த ஆபரேஷன் உதவாது, இன்னும் மோசமாகக்கூடப் போகலாம் என்றார். என் வெட்கத்துக்காக என்னையே அறுத்துக்கொள்ளப் போயிருக்கிறேன்.  என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியம் மாத்திரையும் பயிற்சியும். அவசரம் வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, கீழே தசையை இறுக்கி, எண்ண வேண்டும். "ஏர்ற கோடு எறங்கித்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள், குழாய் சத்தம் கேட்டால் எல்லாருக்குமே அப்படித்தான் ஆகுமா என்று. இல்லை, என்னை மாதிரி ஆட்களுக்குத்தான் என்றேன்.

பத்து வாரம் கழித்து, பங்குனியில், மறுபடி போனேன். இந்த முறை லோக்கல் ரயில், 25 ரூபாய். அரக்கோணம் தாண்டும்போது ஒரு அவசரம் வந்தது, நாற்பது எண்ணினேன், போய்விட்டது. பக்கத்தில் மொட்டை போடப் போகும் குடும்பம் ஒன்று பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்து என்ன விலகிப் போனது என்று அவர்களுக்குத் தெரியாது.

காலை ஒன்பது மணிக்கு அக்காவும் நானும் அடிவாரத்தில் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டோம். நூறு வரை ஒரே மூச்சு. இருநூற்றுப் பத்தாவது படி அருகே மண்டபத்தில் யாரோ குழாயைத் திறந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டது பாருங்கள். பழைய நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியிருப்பேன். நின்றேன். காவடிக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். கண்ணை மூடினால் அந்தக் கோடு தெரிந்தது, ஏறுகிறது, ஏறுகிறது, இதோ உச்சி. அறுபத்து மூன்று எண்ணும்போது இறங்கத் தொடங்கியது. அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அக்கா நான்கு படி கீழே, அசையாமல், உதடு முணுமுணுக்க நின்றுகொண்டிருந்தாள். சாமி பெயர் சொல்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனால், எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேலே போய்ச் சேர்ந்தோம். பூக்கடையில் கனகாம்பரம் முழம் நாற்பது ரூபாய். பூக்காரம்மா கையில் அளந்து கிள்ளியபோது எனக்குப் பொறி தட்டியது. நாற்பத்தைந்து சென்டிமீட்டர் ஒரு முழம். ஆறு வருடம் என்னை ஆட்டிவைத்தது ஒரு முழத் தண்ணீர். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். பாதியை அக்கா தலையில் வைக்கத் திரும்பினால், அவள் என் போனில் மருத்துவமனை நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாள். தரிசன வரிசையில், முன்னும் பின்னும் ஆட்கள் நிற்க, என்னைவிடத் தைரியமாகப் பேசினாள்.

"இருமல்லாம் இல்லம்மா. கதவ தொறக்கறதுக்குள்ள பூடுது. ஆங், பதிமூணு வருஷமா. ராணின்னு போட்டுக்கோ."

போகிறவர்களுக்கு: டெஸ்ட்டுக்கு முன்னால் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். மாற்று உடை எடுத்துப் போங்கள். முடிந்தபின் ஒரு நாள் எரிச்சல் இருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். என் கோடு எனக்கு, உங்கள் கோடு வேறாக இருக்கலாம், அதனால் என் மாத்திரையைக் கேட்காதீர்கள். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். படியேற எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, வெயிலுக்கு முன் தொடங்குவது நல்லது.

வழக்கமான கழிப்பறைப் பட்டியல்: ரயில் நிலையத்தில் உண்டு. பஸ் ஸ்டாண்டில் உண்டு, தாழ்ப்பாள் விழும். அடிவாரத்தில் உண்டு. மலைமேல் எங்கே என்று எழுத முடியவில்லை, பார்க்க மறந்துவிட்டேன்.