மேஸ்திரிக்குக் கால் வலித்த நாள்

படிக்கட்டு மேஸ்திரி என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். சுவர் எழுப்ப யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம், படி போட இவர்தான் வர வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எவனும் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, எவன் சிபாரிசும் கிடையாது. பெரிய பெரிய இன்ஜினீயர்கள் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மேஸ்திரி, இந்த மூலையில படி திரும்ப மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். இவர் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இடத்தைப் பார்ப்பார், மூக்கைச் சொறிவார், "பதினேழு படி" என்பார். போட்டு முடித்துவிட்டு எண்ணினால் பதினேழுதான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் காலை ஏழேகால் மணிக்கு, வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், சக்கர நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால் போட முடிகிறவருக்கு எதற்குச் சக்கர நாற்காலி என்று கேட்டால், அதற்கு எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மேன்தான் பதில் சொல்ல வேண்டும். "மூட்டு வலின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேஸ்திரி. வரிசை கிடையாது, கேள்வி கிடையாது. ஃபாரம்கூட அவங்களே எழுதிடுவாங்க" என்று ஓதிவிட்டவர் அவர்தான். முதல் இரண்டைவிட அந்த மூன்றாவது சமாசாரம் மேஸ்திரிக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மனைவி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நிஜமாகவே முழங்கால் வலி உண்டு, ஆனால் நாற்காலி வேண்டாம் என்று நடந்தே வந்துவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா. ஜாக்கெட் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் மேஸ்திரியை "டெய்லரம்மா வீட்டுக்காரர்" என்று சொல்லிவிடுவதுண்டு. அப்படிச் சொன்னவர்கள் வீட்டுக்கு அவர் படி போட்டதில்லை.

மகள் வீட்டுக்குப் போகும் பயணம். டிக்கெட் எடுத்தவளும் மகள்தான். இந்த ஊரில் இறங்கி, ஒன்பதரை மணி நேரம் காத்திருந்து, சாயங்காலம் அடுத்த விமானம் ஏற வேண்டும்.

டெய்லரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்.

"ஏங்க, இது அந்த ஊருதானே?"

"எந்த ஊரு?"

"நீங்க நூத்திப் பன்னண்டு படி போட்ட ஊரு."

மேஸ்திரிக்கு அந்த நிமிடம்தான் வலது கால் வலிக்க ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். பத்தொன்பது வயதில் அவர் ஒப்பந்த வேலைக்கு வந்தது இந்த ஊருக்குத்தான். கடைத்தெருவிலிருந்து மேட்டில் இருக்கும் நூலகத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி கட்டினார்கள். ஊர் திரும்பியதிலிருந்து அந்தப் படிக்கட்டைச் சொல்லியே மனிதர் வளர்ந்தார். "பத்தொம்பது வயசுல, தனி ஆளா, நூத்திப் பன்னண்டு. ஒரு நூல் பிசகல." டெய்லரம்மா ஜாக்கெட்டில் ஒரு கையை மாற்றித் தைத்துப் பிரிக்க நேர்ந்தாலும் அந்தப் படிக்கட்டு வந்துவிடும். பையன் கணக்கில் மார்க் குறைந்தாலும் வந்துவிடும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டெய்லரம்மாவின் தம்பி மேஸ்திரியிடம் பதினெட்டு வருஷம் வேலை செய்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அவன் போட்ட படியில் கால் அங்குலம் கூடிவிட்டது. மேஸ்திரி சித்தாள், கொத்தனார் அத்தனை பேர் முன்னாலும் அவனை நிற்க வைத்தார். "பத்தொம்பது வயசுல எனக்கு நூல் பிசகல. நாப்பது வயசுல உனக்குக் கால் அங்குலமா? இனிமே என் சைட்ல கால் வைக்காத." மச்சினன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அன்று போனவன்தான், அக்காள் வீட்டு வாசல்பக்கம்கூட வரவில்லை. அவளும் ஆறு வருஷமாக நாலு சுவருக்குள் போனிலேயே தம்பியோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த நூற்றுப் பன்னிரண்டில், கான்கிரீட் ஊற்ற மேஸ்திரி பலகை அடித்தது கீழே இருக்கிற பன்னிரண்டுக்கு மட்டும்தான். அதிலும் ஏழாவது படிக்குப் பலகை பிளந்துவிட, பக்கத்தில் கிடந்த இன்னொன்றை எடுத்து அடித்துவிட்டார். எல்லாம் ஆறு அங்குல உயரம், அது ஆறரை. காலையில் பார்த்தால் கான்கிரீட் இறுகிவிட்டது. தலைமை மேஸ்திரி அளந்து பார்த்தார், மண் சட்டியைக் கையில் கொடுத்தார். ஒப்பந்தம் முடியும்வரை மண்தான்.

கால் அங்குலத்தைக் கண்ணாலேயே பிடிக்கிற டெய்லரம்மாவை அந்த அரை அங்குலத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாவது.

"போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள் அவள். "ஒம்போதரை மணி நேரம் இங்க உக்காந்து மோட்டுவளையையா பாக்குறது?"

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"எந்தக் காலை?"

"அதுக்கில்லம்மா. வெளிய விட மாட்டான். நம்ம கையில இருக்கறது வேற நாட்டு விசா."

இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நாற்காலி தள்ளும் அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறையத் தமிழ். "எட்டு மணி நேரத்துக்கு மேல இருக்கிறவங்களுக்கு ஒருநாள் சீட்டு இங்கேயே குத்திக் குடுப்பாங்கப்பா. பாஸ்போர்ட்டும் அடுத்த டிக்கெட்டும் காட்டினா போதும்."

"பொட்டி இருக்கே" என்றார் மேஸ்திரி.

"பொட்டி நேரா உங்க பொண்ணு ஊருக்குப் போயிடும். அதுக்கு உங்களைவிட வழி தெரியும்."

"ரொம்ப தூரம் இருக்கும். அந்தக் காலத்துல லாரியில வந்தா ஒன்றரை மணி நேரம்."

"நூத்திப் பன்னண்டு படின்னா நூலகத்து மேடுதானே? இப்ப ரயில் விட்டாச்சு. நாலாவது ஸ்டேஷன்."

டெய்லரம்மா அவளை, ஒன்றுவிட்ட தங்கையைக் கண்டதுபோலப் பார்த்தாள். மேஸ்திரி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஆசை இல்லாம இல்ல தாயி. முடியலையே" என்றார்.

நாற்காலி அம்மாள் குனிந்து அவருடைய செருப்பைக் கழற்றினாள். திருப்பினாள். மற்றதையும் கழற்றித் திருப்பினாள்.

"இருபது வருசமா இதுதான்பா என் வேலை. கால் முடியாதவங்க செருப்புல ஒரு பக்கம் தேஞ்சிருக்கும், ஒரு பக்கம் புதுசா இருக்கும். உங்களுது ரெண்டும் ஒண்ணுபோல தேஞ்சிருக்கு. இந்தச் செருப்புக்காரர் தினம் நாலு மைல் நடக்கிறார்."

டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "வலிக்குதுன்னா வலிக்குது. நான் வரல. பிளேனை விட்டா யாரு பொறுப்பு?"

"சரி, நீங்க இருங்க" என்றாள் டெய்லரம்மா, ரொம்ப அமைதியாக. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் மட்டும் போயிட்டு வரேன். என் தம்பியை வீட்டை விட்டு விரட்டுன படிக்கட்டு எப்படித்தான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துடணும். இதை விட்டா இனிமே எங்க வரப்போறேன்."

அந்தக் கைப்பையில் என்ன இருக்கும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இஞ்ச் டேப் இல்லாமல் அவள் வெளியே இறங்கியதில்லை. அவள் தனியாகப் போய், தனியாக அளந்து, திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டாவது விமானத்தில் ஏழு மணி நேரம் பக்கத்து சீட்டில் வாயே திறக்காமல் வந்தால்? பேசினால்கூடத் தாங்கலாம். கூட இருந்தாலாவது மண் இறங்கிவிட்டது, மழை அரித்துவிட்டது என்று எதையாவது சொல்லிப் பார்க்கலாம்.

மேஸ்திரி எழுந்தார். செருப்பை மாட்டினார். தடதடவென்று நடந்து மனைவிக்கு முன்னால் போய் நின்றார்.

"என் நாற்காலிக்குக் கைராசி உண்டு" என்றாள் நாற்காலி அம்மாள், அங்கே காத்திருந்த மற்றவர்களைப் பார்த்து. "எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வெச்சிருக்கு." பிறகு மேஸ்திரியிடம் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டரைக்கெல்லாம் இங்க வந்துடணும் பெரியவரே. நீங்க வர்ற வேகத்தைப் பாத்தா ரெண்டுக்கே வந்துடுவீங்க."

ரயிலில் மேஸ்திரி வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காத பயணம் அதுதான் முதல். டெய்லரம்மா ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதுபோல, கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

படிக்கட்டு அப்படியே இருந்தது. கடைத்தெருவின் முனையில் அகலமாகத் தொடங்கி, மேட்டில் ஏறி, உச்சியில் நூலகத்தின் கதவில் போய் முட்டியது. தூரத்திலேயே மேஸ்திரி பார்த்துவிட்டார். கீழிருந்து ஏழாவது படியின் விளிம்பில் மட்டும் யாரோ மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்.

"ஏறலாமா?" என்றாள் டெய்லரம்மா.

"உன் முழங்காலுக்கு இது ஆகாதும்மா. பாத்தாச்சுல்ல, போலாம்."

அவள் கம்பியைப் பிடித்து ஏற ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் கட்டைவிரல் இடித்தது. மேஸ்திரி சட்டென்று முழங்கையைப் பிடித்தார். அவள் விழவில்லை. நின்றாள். தைத்துக் கொடுத்த துணி திரும்பி வந்தால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி அந்தப் படியைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்தாள்.

"ஆறு" என்றாள் ஐந்தாவதை அளந்து. "ஆறு" என்றாள் ஆறாவதுக்கு. ஏழாவதையும் அளந்தாள். டேப்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து அவரிடம் நீட்டினாள்.

மேஸ்திரியின் நாக்கு நுனியில் மண் இறங்கியதும் மழை அரித்ததும் தயாராக இருந்தன. கான்கிரீட்டை மழை அரித்தால் படி குறையுமே தவிர வளருமா என்று அவருக்கே தோன்றியது. தோன்றியதை அவள் முகத்திலும் பார்த்தார்.

"என்னுதுதான்" என்றார்.

"நூத்திப் பன்னண்டும்?"

"கீழ பன்னண்டு மட்டும். இதைப் பாத்ததுக்கப்புறம் மண்ணு சுமக்க விட்டுட்டாங்க."

இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. அவள் ஆறாவது படியில் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினாள். அவரும் உட்கார்ந்தார்.

"அரை அங்குலம்" என்றாள். "என் தம்பிக்குக் கால்."

"ம்."

"அவனை விட நீங்க ரெண்டு மடங்கு கெட்டிக்காரர்னு சொல்லுங்க."

சூட்டும் டையுமாக ஒருவர் ஏறி வந்தார். மஞ்சள் கோட்டருகே லேசாகத் துள்ளி, ஒன்றும் நடக்காததுபோல மேலே போனார். புத்தகம் சுமந்த ஒரு பெண் இடறி, திரும்பி நின்று படியை முறைத்துவிட்டுப் போனாள். டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேஸ்திரி மட்டும் அந்தப் பெண் போன திசையைப் பார்த்து, தான்தான் என்று எழுந்து சொல்லிவிடலாமா என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அவள் போனை எடுத்து டேப்போடு சேர்த்துப் படியைப் படம் பிடித்தாள். எண்ணைத் தட்டி அவர் கையில் வைத்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசுங்க. இல்லேன்னா கட் பண்ணிடுங்க, உங்க இஷ்டம்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே கட்டைவிரல் நின்றது. ஆறு வருஷமாக யார் பேரை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று இருந்தாரோ, அவனுடைய எண். விரலை எடுத்து, போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுக்கா."

"அக்கா இல்ல. நான்."

மச்சினன் குரல் மரியாதைக்கு மாறியது. "சொல்லுங்க மாமா."

"நூலகத்துப் படிக்கட்டு. ஏழாவது படி. அரை அங்குலம் கூட."

"யாரு போட்டது?"

"நான்."

மேஸ்திரி போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"பதினாறு பேரு முன்னாடி நிக்க வெச்சீங்க மாமா" என்றான் மச்சினன்.

"தெரியும். திரும்பி வந்ததும் அந்தப் பதினாறு பேரையும் கூப்பிட்டு வெச்சு இதைச் சொல்றேன். நீ சைட்டுக்கு வா."

"வாயால சொன்னா யாரு நம்புவா? நீங்க பேச ஆரம்பிச்சா பன்னண்டு படி நூத்திப் பன்னண்டு ஆகும், அரை அங்குலம் அரை நூல் ஆகும்." மச்சினனின் குரலில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "அந்தப் படியில நீங்க தடுக்குற மாதிரி அக்காவை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அது வரட்டும். வந்தா நான் வரேன்."

போனில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த டெய்லரம்மா அதை வாங்கிக்கொண்டு எழுந்து, எதிர்க் கம்பி ஓரமாகப் போய் நின்று பிடித்தாள்.

மேஸ்திரி கீழே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஏறி வந்தார். ஏழாவதில் காலைக் கவனமாக வைத்து, கையை விரித்து, "ஆ" என்றார்.

"பொய் மாதிரியே இருக்கு" என்றாள் டெய்லரம்மா. "அவன் ஒத்துக்க மாட்டான். இன்னொரு தடவை. கீழ பாக்காம வாங்க, என்னைப் பாத்து வாங்க."

மறுபடியும் இறங்கினார். இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்தி, மனைவியையே பார்த்துக்கொண்டு, எத்தனை படி என்று எண்ணுவதை மறந்து ஏறி வந்தார்.

அந்த வீடியோவில் மேஸ்திரி நடிக்கவில்லை. செருப்பு ஒன்று கடைத்தெருவரைக்கும் உருண்டு போவதும், அதை எடுக்கப் போகாமல் படம் பிடித்துக்கொண்டே இருக்கும் டெய்லரம்மாவின் சிரிப்புச் சத்தமும் கடைசிவரை அதில் பதிவாகியிருக்கிறது.