ஐந்தாம் வகுப்பில் ஆள் பெருகிய நாள்

தோட்டப் பள்ளிகளின் பழைய செய்திகளைத் திரட்டும் மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர், இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் பிள்ளைகளின் தொகை ஏறி இறங்கிய விதத்தை, நான் கண்டவாறு கூற அனுமதி வேண்டுகிறேன்.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. எங்கள் பள்ளி ஒரே மண்டபம், வாத்தியாரும் ஒருவரே. முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவராக அமர்ந்திருப்பர். நாலாம் வகுப்புக்கோ உட்கார ஒரு வாங்குப் பலகை போதுமாயிருந்தது. அதற்குமேல் வகுப்பே இல்லை. ஆண்பிள்ளைகளின் பெயர் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் ஏறிவிடும். பெண்பிள்ளைகள், வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் இடம் கிடைக்காத தம்பி தங்கைகளை இடுப்பில் சுமக்கப் போய்விடுவர்.

நான் நாலாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஐந்தாம் வகுப்புக்குரிய பத்துப் பேரை நேரில் கண்டால் வகுப்பைத் திறக்கலாம் என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். என் தாயார் அதைக் கேட்டுத் தீர்ப்புக் கூறினார்.

"வகுப்பு வந்தா படி. வராட்டி ஒண்ணாந் தேதியிலேருந்து எங்கூட மலைக்கு வா."

வாத்தியார், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் நின்று பெற்றோரிடம் விஷயத்தைச் சொன்னார். எங்கள் கங்காணி, அதை ஏதோ ஒரு மலையில் கொழுந்தெடுக்க ஆள் குறைந்த சங்கதியாகவே எடுத்துக்கொண்டார்.

"ஆளு பத்தலையா? எங்கிட்ட விடுங்க வாத்தியாரய்யா."

இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று வாத்தியார் அவரை எதிர்கொள்ள ரோட்டுக்கு இறங்கிவிட்டார். கங்காணி கம்பும் கையுமாகப் பள்ளி வாசலில் நின்றார். ஆள் குறைந்த மலைக்கு அடுத்த மலையிலிருந்து ஆள் அனுப்புவது அவர் வழக்கம். அதையே இங்கும் செய்தார்.

"நீ அஞ்சு. நீயும் அஞ்சு. ஒந் தம்பி எங்கடி? அவனையும் கூப்பிடு, அவனும் அஞ்சு."

நாங்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் கடைசி மூலையில் குவிந்தோம். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது முதல் நான்கு வகுப்புகளும் காலியாகக் கிடந்தன. ஐந்தாம் வகுப்பு மாத்திரம் சந்தை போல நிரம்பி வழிந்தது. அவருக்குப் பின்னால் வந்த எங்கள் வாத்தியார் வாய் திறந்தபடி நின்றார்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தவர். "மாஸ்டர், மற்ற வகுப்புப் பிள்ளையள் எங்கை?" என்று கேட்டார். பிறகு முன்னால் விரல் சூப்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் குனிந்து, "உமக்கு எத்தினை வயசு?" என்றார்.

"தெரியலைங்க. கங்காணி இங்க ஒக்காரச் சொன்னாருங்க."

அம்மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மண்டபமே அவருடன் சேர்ந்து சிரித்தது. ஏன் என்று அறியாத சின்னதுகள்தாம் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தன. அதன் பின் அவர், நாலாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் மாத்திரம் இருக்கட்டும் என்றார். குவியல் கலைந்தது. என்னையும் சேர்த்து எஞ்சியவர்கள் ஏழு பேர்.

"ஏழு காணாது, மாஸ்டர்."

வாத்தியார் நிலத்தைப் பார்த்தார். நானோ சன்னலைப் பார்த்தேன். நாலாம் வகுப்போடு நின்றுபோன மூன்று பெண்கள் தினமும் அச்சன்னலடியில் நின்று, தம்பி தங்கையான கைப்பிள்ளையை ஆட்டியபடி எங்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பர். அன்றும் நின்றார்கள்.

நான் எழுந்தேன். "ஐயா, வெளிய மூணு பேரு இருக்காங்க."

"அவை பிள்ளை பாக்கிறவையல்லோ?"

"வாசிப்பாங்க ஐயா."

மூவரும் பிள்ளைகளோடு உள்ளே வந்தார்கள். கேட்டதை ஒப்புவிக்கிறார்களோ என்று ஐயுற்று, இன்ஸ்பெக்டர் நாங்கள் எட்டியிராத கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தார். முதலாமவள் தடங்கலின்றி வாசித்தாள். இரண்டாமவள், குழந்தை புத்தகத்தை இழுக்க இழுக்க, அதன் கையைத் தட்டிவிட்டு வாசித்தாள். மூன்றாமவளின் குழந்தை இன்ஸ்பெக்டரின் கண்ணாடியைப் பறித்துக்கொண்டது. அவள் அதைக் கவனியாமல் பக்கத்தை முடித்துவிட்டே கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கைப்பிள்ளையளை வகுப்பிலை சேர்க்க ஏலாது," என்றார் அவர். பிறகு பேனாவைத் திறந்து, "தூக்கி வாறவையைச் சேர்க்கலாம்," என்று பத்துப் பெயரையும் தம் கையாலேயே எழுதினார்.

கங்காணி வாசலிலிருந்தபடி, "ஆளு பத்தாட்டி நானாச்சுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

மறு வாரம் ஐந்தாம் வகுப்பு ஒரு வாங்கில் பத்துப் பேரும் மூன்று கைப்பிள்ளைகளுமாகத் தொடங்கியது. ஒரு பிள்ளை அழுதால் மூன்றும் அழும். வாத்தியார் கணக்கை நிறுத்தாமல் ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். என் தாயார் ஒண்ணாந் தேதியன்று தனியே மலையேறினார். அவ்வகுப்போடு என் பள்ளிப் படிப்பு முடிந்தது. மிகுதியை, கையில் அகப்பட்ட காகிதங்களையெல்லாம் வாசித்து நானே தேடிக்கொண்டேன்.

அந்தப் பத்துப் பேரில் மூவர் எவ்விதம் சேர்ந்தார்கள் என்பது பள்ளியின் பெயர்ப் பதிவான இடாப்பில் இராது. ஆகவே இக்குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.