புகைமூட்டத்தில் சாம்பிராணி

நான் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. அதனால், எனக்கு நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்று கிளினிக்கில் சீன டாக்டர் ஒருவர் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. மூன்று வருடமாக, இருமல் வந்தால் மாதக்கணக்கில் சளியோடு நிற்கிறது. சும்மா சளி என்றே நினைத்திருந்தேன்.

அவர் மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன வேலை? ஆற்றுக்கு அக்கரையில் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மரத்துக்கு உப்புத்தாள் தேய்க்கிறேன். முகக்கவசம் போடுகிறாயா? தருகிறார்கள், புழுக்கத்தில் எல்லாரும் கழுத்தில்தான் தொங்கவிடுவோம். வீட்டில் யார் புகைக்கிறார்கள்? கணவர், கூடத்திலேயே. கொசுவத்தி, சாம்பிராணி? தமிழர் வீட்டில் இல்லாமலா?

"எல்லாம் சேர்ந்துதான்" என்றார். இப்படியே போனால் குளிக்கப் போகக்கூட மூச்சு வாங்கும் என்றார். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை.

எங்கோ காடு எரிந்து, அந்த வாரம் ஊர் முழுக்கப் புகைமூட்டம்; மலாயில் ஜெரபு என்போம். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் வெளியைவிட உள்ளே மோசம். வெள்ளிக்கிழமை. எல்லா ஜன்னலையும் இறுகச் சாத்திவிட்டு, எங்களோடு இருக்கும் நாத்தனார் தூபக்காலோடு மூலை மூலையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னா இது?"

"வெளிய ஜெரபுலா அண்ணி. உள்ள காத்தச் சுத்தம் பண்றேன். உங்க இருமலுக்குன்னு வேப்பிலகூடப் போட்டிருக்கேன்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கணவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே சிரித்தார்.

"சீன டாக்டருக்குச் சாம்பிராணியப் பத்தி என்னா தெரியும்? சாமி புகை நெஞ்சுக்கு நல்லதுலா."

"என் நெஞ்சுக்குச் சாமி புகை, உங்க புகைன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

தூபக்காலை வாங்கிப் போய்க் குழாயடியில் வைத்துத் தண்ணீர் திறந்தேன். கங்கு சீறி அணைந்தது.

"சாமி நெருப்புல தண்ணி ஊத்திட்டியே" என்றார் அவர்.

"ஊத்திட்டேன். அந்தச் சிகரெட்டையும் குடுங்க."

கொடுக்கவில்லை. எழுந்து வெளியே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை முகக்கவசத்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு தேய்த்தேன். தாடையெல்லாம் வியர்வை ஊறியது. "ஆப்பரேஷன் பண்ணப் போறியாக்கா?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். அடுத்த நாற்காலிக் காலை எடுத்துத் தேய்த்தேன்.

நாத்தனார் வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, சாம்பிராணிக்குப் பதிலாக ஒரு கொத்து ஊதுவத்தி ஏற்றி வைத்தாள். வேலையிலிருந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை. எழுந்து போய் ஊதுவத்தியை அணைத்தேன்.