எங்கள் வீட்டைப் பார்த்து நின்ற குருவித்துரை

அன்று எங்கள் வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர், நாயையும் சேர்த்தால். நான், என்னோடு அந்த வீட்டில் இருந்த, ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர், என் மனைவியின் தம்பி, பச்சைத் தொப்பி போட்ட ஒரு டெனிஷ்காரர், அவருடைய கிழட்டு நாய். இதில் மனைவியின் தம்பி அங்கே நின்றிருக்கவே கூடாது. யாராவது கதவைத் தட்டினால் அவன் சத்தமில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. அவனோ பல் தீட்டுகிற பிரஷை வாயில் வைத்தபடி, "ஆர் அத்தான் காலமையிலயே?" என்று கேட்டுக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டான். தொப்பிக்காரர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவன் ஏன் அங்கே நிற்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். எங்களுடைய குடும்பங்களை டென்மார்க் கூப்பிடாமல் இழுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். நான் ஊரை விட்டு வெளிக்கிடும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவர்களைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டு நான் காத்திருந்தேன். பதில் இல்லை. மறுப்பும் இல்லை. மறுத்தால்கூட ஏன் என்று கேட்கலாம். ஒன்றும் வராமல் இருப்பதற்கு யாரிடம் போய்க் கேட்பது? மனைவியின் தம்பியின் அகதி விசாரணை இன்னும் முடியவில்லை. அவன் வேறொரு ஊரில் முகாமில் இருக்க வேண்டியவன். நத்தார் பண்டிகைக்கு என்று வந்தான், திரும்பிப் போகவில்லை. விலாசம் பதியாத ஆளை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கான கோப்பை மூடிவிடுவார்கள் என்று ஹோர்சன்ஸ் என்ற ஊரில் இருந்த ஒருவர் தொலைபேசியில் சொன்னார். உண்மையா பொய்யா என்று தெரியாது. அந்தக் காலத்தில் கேள்விப்பட்ட எல்லாமே உண்மை. ஆனால் அவளுடைய தம்பியை நான் வீட்டை விட்டு அனுப்பினேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அவள் வருவதற்காக அவனை அனுப்புவதா, அவனை வைத்திருந்து அவள் வராமல் போவதா என்று ஒவ்வொரு நாளும் மீன் தொழிற்சாலையில் கத்தியும் கையுமாக நின்று இதையே யோசித்தேன்.

வீடு ஓகூஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே, கடல் பக்கம், குன்றுகளின் அடியில் இருந்தது. டென்மார்க் என்றால் பச்சை என்று நினைப்பவர்கள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மண் வெறும் மணல். காய்ந்த புல், ஊதாப் பூப் பூக்கிற கட்டையான பற்றைகள், ஊசி இலை முட்செடிகள், அங்கங்கே செம்மறிகள். மரம் இல்லாததால் குன்றின் மேல் நிற்கிறவனுக்கு எல்லாம் தெரியும்.

அந்த வருடம் சித்திரை மாதத்தில் குன்றின் மேல் அந்த மனிதர் வந்து நின்றார். மூன்று கால் வைத்த தொலைநோக்கி ஒன்று, கழுத்தில் இன்னொரு சிறிய கண்ணாடி, கையில் வரைபடம். விடியக்காலையில் நிற்பார், மழையிலும் நிற்பார். பார்ப்பார், வரைபடத்தில் புள்ளி வைப்பார், நகர்ந்து நின்று திரும்பவும் பார்ப்பார். எங்கள் ஊரில் வரைபடத்தோடு வந்து புள்ளி வைத்தவர்கள் போன பிறகு என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு இருந்து, யாரைப் பிடிக்க வேண்டும் என்று தலையை ஆட்டிக் காட்டுகிறவனைத் தலையாட்டி என்போம். நான் இவரையும் அந்தக் கணக்கில்தான் வைத்தேன்.

"அத்தானுக்குக் கோழி பாத்தாலும் சந்தேகம்" என்று மனைவியின் தம்பி சிரிப்பான்.

"நீர் ஏன் உப்பிடிப் பயப்பிடுறீர்?" என்று மாஸ்டர் கேட்பார். "ஒரு மனுசன் குன்றில நிக்கக் கூடாதே?"

"நிக்கலாம் மாஸ்டர். ஏன் எங்கட வீட்டைப் பாத்து நிக்கிறான்?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதைப் பள்ளிக்கூடம் போகாமலே கவனிக்கலாம். அன்றிலிருந்து பேருந்துக்குப் போகிற வழியை மாற்றினேன். தெரு வெளியாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு, குன்றின் அடியில் பற்றை மூடிய ஒரு பள்ளத்துக்குள் இறங்கி, குனிந்தபடி போய் ஏறினோம். மனைவியின் தம்பியும் காற்று வாங்க வேண்டும் என்றால் அந்தப் பள்ளத்துக்குள்தான் நடப்பான். ஒரு மாதத்தில் அங்கே ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது.

அந்தப் பாதைதான், முதலில் சொன்ன அந்தக் காலையில், அவரை நாயும் பச்சைத் தொப்பியுமாக எங்கள் கதவுக்குக் கொண்டுவந்தது. ஒளிவதற்காகப் போட்ட பாதை. அவர் மாஸ்டரோடு ஆங்கிலத்தில் பேசினார், மாஸ்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். பக்கத்துக் குன்றில் சரளைக்கல் தோண்டுகிறவர்கள் இந்தக் குன்றையும் கேட்டிருக்கிறார்களாம். கொடுப்பதற்கு முன்னால் இங்கே என்னென்ன பறவை இருக்கிறது, எத்தனை சோடி கூடு கட்டுகிறது என்று பார்த்துச் சொல்ல இவரை வைத்திருக்கிறார்களாம். பள்ளத்துக்குள் தரையில் ஒரு பறவை முட்டையிட்டிருக்கிறது, இந்தக் குன்றுகளில் அந்த இனத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு சோடிதான், தயவுசெய்து குஞ்சு பறக்கும்வரை தெருவால் போங்கள் என்று கேட்டார்.

"எதுக்காம் எண்ணுறது?" என்றேன்.

மாஸ்டர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பின்னுக்கு என்ன துலைஞ்சது எண்டு கேட்டால், முந்தி என்ன இருந்தது எண்டு ஆரும் சொல்ல வேணுமாம். இப்ப எண்ணாட்டில், இருக்கவேயில்லை எண்டு சொல்லிப்போடுவாங்களாம்."

அது எனக்கு விளங்கியது. விளங்கியதால் நம்பினேன் என்றில்லை. அடுத்ததாக அவர் கேட்டது இது: இந்த வழியால் எத்தனை பேர் நடக்கிறீர்கள்? பறவைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதையும் எழுத வேண்டுமாம். மாஸ்டர் பொய் சொல்லிப் பழகாதவர். வானத்தைப் பார்த்துக்கொண்டு "இரண்டு" என்றார். பிரஷ் வாயோடு மூன்றாவது ஆள் நின்றுகொண்டிருந்தான். நுரை நாடியில் வழிந்தது. தொப்பிக்காரர் அவனை ஒருமுறை பார்த்தார். "இரண்டு, நல்லது" என்று எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு மனைவியின் தம்பி வாயைக் கழுவிவிட்டு வந்து, "நல்ல மனுசன் அத்தான். குருவித்துரை" என்று பெயரும் வைத்தான். எனக்கோ அன்று இரவு நித்திரை இல்லை. குருவியின் முட்டையைக்கூடப் பிழைவிடாமல் எண்ணுகிற மனிதர், கண்ணுக்கு முன்னால் மூன்று பேர் நிற்க இரண்டு என்று ஏன் எழுத வேண்டும்? எங்களுக்காகப் பொய் எழுதுகிறவன் வேறு யாருக்காகவாவது உண்மையையும் எழுதலாம் அல்லவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரையும் என்னையும் குன்றுக்குக் கூப்பிட்டு அந்தப் பறவையைத் தொலைநோக்கியில் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த குச்சி, சருகு, மணல். பொறு, என்பதுபோலக் கையைக் காட்டினார். கனநேரம் பார்த்த பிறகு சருகில் ஒரு கீறல் போல ஏதோ தெரிந்தது. கண். முழுக்க மூடாமல், மூடியதுபோல வைத்துக்கொண்டு, அது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரில் பக்கி என்று சொல்கிற பறவையின் சாதிதான் இதுவும். பகலில் அசையாது. தன்னை எவரும் காணவில்லை என்ற நம்பிக்கையிலேயே இருக்குமாம், மிதிபடப் போகிற கடைசி நொடிவரைக்கும்.

அவர் மாஸ்டரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது நான் தொலைநோக்கியை மெதுவாக எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினேன். குசினி யன்னல் தெரிந்தது. யன்னலில் வைத்திருந்த மிளகாய்த்தூள் போத்தல் தெரிந்தது. கொடியில் மனைவியின் தம்பியின் நீலச் சேட்டு தெரிந்தது, அதில் பொத்தான் இல்லாத இடம்கூட. ஆக, சித்திரையிலிருந்து இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் திருப்பியதை அவர் கண்டார். கையை நீட்டி அதைத் திரும்பவும் பறவைக்கு நேரே கொண்டுவந்து வைத்தார்.

நாங்கள் தெருவால் போகத் தொடங்கினோம். மனைவியின் தம்பி வீட்டுக்குள் அடைந்து கிடந்தான். இரண்டு கிழமை கழித்து, நான் வேலையில்லாமல் நின்ற ஒரு முற்பகலில், கொம்யூன் என்கிற நகரசபையின் கார் வந்தது. ஒரு பெண் இறங்கினார். யன்னலால் பார்த்துவிட்டு நான் உள்ளே திரும்புவதற்குள் பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மனைவியின் தம்பி ஓடிவிட்டான். ஓடிப்போய் ஒளிய அவனுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

அந்தப் பெண் அறை அறையாகப் பார்த்தார். குளியலறைச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து காற்றுக்கு நின்றார். அங்கிருந்து எனக்குப் பள்ளம் தெரிந்தது. பற்றைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் அந்தப் பறவை எழும்பி, சிறகு உடைந்ததுபோலத் தத்தித் தத்தி விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. குன்றின் மேல் பச்சைத் தொப்பி. தொலைநோக்கி பள்ளத்துக்கு நேரே. இரண்டு காகங்கள் முட்செடியில் வந்து இருந்தன. குருவித்துரை இறங்கி வந்து ஒரு சத்தம் போட்டால் மனைவியின் தம்பி எழும்பி ஓடுவான், பறவை திரும்பிப் போய் முட்டையில் இருக்கும். வந்தால் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பார். அவர் வரவில்லை. காகம் முட்டைக்கு இறங்கியதை நான் கண்டேன். அவரும் கண்டிருப்பார். தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்துத் தொப்பியைக் கழற்றினார், அவ்வளவுதான்.

"அங்கே நிற்பவர் உங்கள் நண்பரா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

மாஸ்டர் மாரிகாலத்தில் சுவர் ஈரம் என்று கொம்யூனுக்கு எழுதிப் போட்டிருந்தாராம். அதைப் பார்க்கத்தான் அந்தப் பெண் வந்தாராம். மாஸ்டர் எழுதியதையே மறந்துவிட்டார். "சுவரைப் பாக்க வந்தவளுக்குப் போய் இந்தப் பாடு பட்டிருக்கிறியள்" என்று தலையில் கைவைத்தார். அப்படியே இருக்கட்டும். மாரியில் எழுதியதற்கு ஆனியில், அதுவும் அன்றைக்கு ஏன் வர வேண்டும்? நான் இதைக் கேட்டால் இன்றும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

பின்னேரம் மனைவியின் தம்பி தானாகவே குன்றில் ஏறி, தெரிந்த நாலு சொல்லில் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். ஆடி மாதத்தில் அவர் கதவைத் தட்டி, அதே சோடி இன்னொரு இடத்தில் திரும்ப முட்டையிட்டிருக்கிறது என்றார். எங்கே என்று மாஸ்டர் கேட்டார். அவர் சொல்லவில்லை. எனக்கு முதல்முறையாக அந்த மனிதரைப் பிடித்துப்போனது. அவருக்கும் எங்கள்மேல் சந்தேகம் இருந்தது.

விண்ணப்பத்துக்கு அந்த வருடமும் பதில் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. குருவித்துரைதான் காட்டிக்கொடுத்தார் என்று சில நாள் நினைப்பேன், இல்லை என்று சில நாள் நினைப்பேன். பிறகு ஒருநாள் மாஸ்டர் பத்திரிகையோடு வந்தார். தமிழருடைய குடும்பக் கோப்புகளை நீதி அமைச்சில் எடுக்காமலே விட்டு வைத்திருந்தார்களாம். ஒருவருடையதை மட்டுமல்ல. நான் யாரை வீட்டில் வைத்திருந்தேன், எந்தப் பாதையால் நடந்தேன் என்று எவரும் பார்க்கவேயில்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை. இத்தனை நாளும் ஒருவன் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் பார்க்காமலே இது நடந்திருக்கிறது. ஒருவன் பார்த்துத் தண்டித்தான் என்றால் அவனிடம் போய் அழலாம். என்றாலும் அந்த வருடங்களில் சந்தேகப்படாமல் இருந்தவன்தான் முட்டாள் என்று இப்போதும் சொல்வேன். நான் பார்த்த திசைதான் பிழை.

குன்றை அவர்கள் தோண்டவில்லை. மனைவியின் தம்பிக்கு அனுமதி கிடைத்து ஹ்விடோவ்ரே என்ற ஊருக்குப் போனான். கடைசியில் கோப்புகளை எடுத்தார்கள். மனைவியும் மகளும் வருகிற செய்தி வந்தபோது மாஸ்டர் போய்க் குருவித்துரையிடம் கார் கேட்டிருக்கிறார். விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சதுப்பில் ஒரு பறவை வந்திருக்கிறது, எப்படியும் அங்கே போக வேண்டும் என்றாராம் அவர். அவ்வளவு தூரம், இடையில் கடலைக் கப்பலில் கடக்க வேண்டும், ஒரு பறவைக்காகவா? நான் நம்பவில்லை. ஆனால் போனேன்.

திரும்பி வரும்போது மனைவியும் மகளும் பின்னுக்கு இருந்தார்கள், நான் முன்னுக்கு, கார் ஓட்டுகிற குருவித்துரைக்குப் பக்கத்தில். கார் முழுக்க நாய் மணந்தது. தவழ்ந்தவள் இப்போது பெரிய பிள்ளையாகக் கால்களை மடக்கி இருந்தாள். கனநேரம் கழித்து அவள் தாயிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"அம்மா, முன்னுக்கு இருக்கிற ஆள் ஏன் எங்களோட வாறார்?"

"அவர் அப்பாவடி."

"அப்ப மற்றவர் ஆர்?"

என்ன கேட்கிறாள் பிள்ளை என்று குருவித்துரை என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் பின்னால் திரும்பப் போனேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் முழங்காலில் வைத்தார்.

"திரும்பாதே" என்றார். "நீ தெருவைப் பார். அவள் பார்க்கட்டும்."

நான் தெருவைப் பார்த்தபடி இருந்தேன். என் பிடரியில் அவளுடைய கண் இருந்தது.