வட்டம் போட்ட விமானம்

அப்பா இரண்டாண்டு கழித்து துபாயிலிருந்து வந்த அன்று, அவருடைய விமானத்தை முதலில் பார்த்தது நாங்கள்தான். அதுவும் இலுப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி.

திருச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அத்தை, மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, கேபிள் டிவி ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி, ஒரு சின்ன ரேடியோ ரிசீவர் மூலம் லேப்டாப்போடு இணைத்திருந்தார். துணி காயப்போடும் கம்பம் பறிபோனதில் அம்மாவுக்கு வருத்தம். திரையில் சின்னச் சின்ன விமானங்கள் ஊர்ந்தன. பக்கத்திலேயே பெயர், உயரம், வேகம். நான் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். ஐப்பசி மேகம்தான் இருந்தது. வெறும் வானம் என்று நினைத்திருந்த இடத்தில் இத்தனை பேர் போய்க்கொண்டிருந்தார்கள்!

"இதெல்லாம் ஒங்களுக்கு யாரு அத்தை சொல்றா?"

"விமானமே சொல்லுது பாப்பா. செயற்கைக்கோள வச்சு தன்னோட எடத்தத் தெரிஞ்சுக்கிட்டு, 'நான் இங்க இருக்கேன், இம்புட்டு ஒசரத்துல வாரேன்'னு ரேடியோவுல விடாம சொல்லிக்கிட்டே வரும்."

"யாருகிட்ட?"

"கேக்குற எல்லாருகிட்டயும். கண்ட்ரோல் ரூம்ல இருக்கவங்க அதப் பாத்துத்தான் ஒன்னோட ஒன்னு இடிச்சுக்காம வழி விடுறாங்க."

அப்பாவின் விமானம் திருச்சியை நெருங்கியது. பிறகு இறங்காமல் திரும்பியது. ஒரு வட்டம். மறுபடியும் ஒரு வட்டம். அதே இடத்தில் இன்னொரு விமானமும் சுற்றத் தொடங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஏன் இப்படிச் சுத்துது? ரெண்டும் மோதிக்கிறப் போகுது!"

"அங்கிட்டு நல்ல மழை, அண்ணி. காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. ஒசரத்தப் பாருங்க, ஒன்னு மேல, ஒன்னு கீழ. அவுங்க பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க."

நான் அந்த எண்களையே பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத இரண்டு மாடிகளில் இரண்டு விமானங்களை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். மூச்சு விடவே பயமாக இருந்தது.

திடீரென்று அப்பாவின் விமானம் வட்டத்தை விட்டு நேராகப் போனது. உயரம் மளமளவென்று குறைந்தது. பிறகு திரையிலிருந்தே காணாமல் போனது.

அம்மா அலறிவிட்டார்.

"தாழ எறங்கிட்டா நம்ம கம்பிக்கு எட்டாது, அண்ணி. கண்ட்ரோல் ரூம்ல இருக்கவங்களுக்குத் தெரியும்," என்றார் அத்தை. ஆனால் அவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன் அடித்தது. "எறங்கிட்டேன்," என்றது அப்பாவின் குரல்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவரிடம் ஓடிப்போய், வட்டமடித்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "சுத்துச்சா? நான் நல்லாத் தூங்கிட்டேன் ஆத்தா," என்று சிரித்தார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு பெரிய அதிசயத்தை இவர் தூங்கியே தொலைத்துவிட்டாரே என்று நினைத்தேன். அவர் அப்படித் தூங்கட்டும் என்று, முகம் தெரியாத ஒருவர் ஒரு திரையின் முன்னால் விழித்திருந்தார் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.